நாலரை அடி பெல்ட் லேத்: மூன்று வருட அனுபவம்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பட்டறைக்காரர் முழுக்க கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷின்களுக்கு மாறினார். மூலையில் கிடந்த பழைய லேத்தை (இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் மெஷின்) விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். அதுவரை மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்ததுகூடக் கிடையாது. ஆனால் கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு லேத் ஓடும் சத்தமும் கட்டிங் ஆயில் வாடையும் புதிதில்லை. சின்ன வயதில் இருந்த ஆசை, அவ்வளவுதான்.

மெஷின் பஞ்சாபின் பட்டாலாவில் வார்த்தது. வேகம் மாற்ற மூன்று படி கோன் புல்லி, தட்டை பெல்ட், வேகத்தை இன்னும் குறைக்கப் பேக் கியர். ஊர்ப் பெயர் வார்ப்பிலேயே இருக்கிறது, வருடம் எங்கும் இல்லை. விலை 50,000 சொன்னார்கள்.

துணைக்கு, பம்பு கம்பெனியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீதி அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். நான் பெயின்ட் உரிந்த இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் டூலைத் தாங்கி நகரும் கேரேஜை, ஜாபை (கடையும் இரும்பை) பிடித்துச் சுற்றும் சக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். லாக் போல்ட்டை லேசாக இறுக்கி, கைவீல் சற்றே கனமாகச் சுற்றும்படி வைத்துவிட்டு, அப்படியே பெட்டின் மேல் (கேரேஜ் ஓடும் நீண்ட தளம்) எதிர்முனை டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்டினார். ஒன்றரை அடி போனதும் கைவீல் நின்றுவிட்டது.

“பாத்தீங்களா தம்பி, சக்குகிட்டதான் எப்பவும் வேலை நடக்கும். அங்க பெட்டு தேஞ்சு போச்சு. இங்க தேயாம இருக்கறதால புடிக்குது. ஓட்டிக்கலாம், ஆனா விலையைக் கொறைச்சுக் கேளுங்க.”

42,000-க்கு முடிந்தது. பழைய லேத் வாங்கப் போகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை.

குட்டி யானையில் ஏற்றி வந்தோம். லேத்தின் கனமெல்லாம் சக் இருக்கும் ஹெட் ஸ்டாக் பக்கம்தான். தூக்கும் முன் கேரேஜையும் டெயில் ஸ்டாக்கையும் எதிர்க் கோடிக்குத் தள்ளி இறுக்கிவிட்டால் செயின் பிளாக்கில் ஓரளவு சமமாகத் தொங்கும். கார் ஷெட்டில் இறக்கி வைத்தபோது மணி இரவு பத்து.

அப்புறம் நான் செய்தது முட்டாள்தனம். மெஷின் ஓடுமா, நேராகக் கடையுமா என்று பார்க்காமல் மொத்தத்தையும் கழற்றிப் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தேன். டீசலில் கழுவி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, சுரண்டி, பிரைமர் அடித்து, பச்சை பெயின்ட் இரண்டு கோட். நான்கு மாதம் ஓடிவிட்டது. துரு போகட்டும் என்று பெட்டின் மேல் எமரித் தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். திட்டவில்லை. தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். எமரித் தூள் வார்ப்பிரும்பில் பதிந்துகொண்டால் அதற்குமேல் ஓடும் கேரேஜை அதுவே அரத்தைப் போல அறுக்கும் என்று பிறகு சொன்னார். துருவுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினாலே போதும்.

வீட்டில் சிங்கிள் பேஸ்தான். பழைய 1 எச்பி மோட்டாரோ த்ரீ பேஸ். மோட்டாரை மாற்றாமல், சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கி வேகத்தையும் மாற்றும் விஎஃப்டி ஒன்றைப் போட்டேன். 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியிருந்த வைண்டிங்கை, ரீவைண்டிங் கடையில் டெல்டாவாக மாற்றிக் கொடுத்தார்கள். இனி 230 வோல்ட் போதும். இந்த மூன்று வருடத்தில் நான் செய்த செலவுகளில் உருப்படியான ஒன்று இதுதான். பெல்ட் மாற்றாமலேயே வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், மோட்டார் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும்.

முதல் ஜாப் கடைந்தபோதுதான் நிஜமான பிரச்சினை தெரிந்தது. 40 மி.மீ. ராடை 150 மி.மீ. வெளியே விட்டு, டெயில் ஸ்டாக் முட்டுக் கொடுக்காமல், இரண்டு முனையிலும் ஒரே கட் மெல்லியதாகக் கடைந்தேன். வெளி முனை 0.12 மி.மீ. தடிமனாக வந்தது. ஹெட் ஸ்டாக் கோணிவிட்டது என்று நானே முடிவு கட்டி இரண்டு மாதம் அதையே நோண்டினேன். காரணம் வேறு. என் ஷெட்டின் சிமென்ட் தரை சமமில்லை. நான்கு காலையும் போல்ட் போட்டு இறுக்கியதில் பெட் முறுக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு கனமான இரும்பு முறுக்குமா என்றால், முறுக்கும். டெயில் ஸ்டாக் பக்கத்து முன்கால் அடியில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) கொடுத்தால் அந்த முனையில் பெட்டின் மேற்பகுதி லேசாகப் பின்பக்கம் சாயும், டூல் ஜாபை நோக்கி நகரும். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டித் துண்டு துண்டாகச் சொருகினேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கட், ஒரு அளவு. ஒரு ஞாயிறு முழுக்க அப்படியே போனது. சாயங்காலம் 0.03-க்கு வந்து நின்றது. அந்த 0.03 பெட் தேய்மானம், அதை ஷிம் போட்டுத் தீர்க்க முடியாது. பெட்டைக் கிரைண்டிங் அடித்தால் தீரும், ஆனால் அதற்கு ஆகும் செலவில் இன்னொரு லேத்தே வாங்கலாம். எனக்கு வேண்டிய துல்லியத்துக்கு இது போதும். அளவு முக்கியமான ஜாப் என்றால் கடைசி கட் முடிந்ததும் இரண்டு மூன்று இடத்தில் அளந்து, தடித்த இடத்தில் அரம் போட்டுச் சரிசெய்கிறேன்.

டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் ப்ளே (கைப்பிடி சுற்றியும் நகராத வெற்றாட்டம்) கிட்டத்தட்ட ஒரு மில்லி இருந்தது. ஸ்க்ரூ பரவாயில்லை, கன்மெட்டல் நட்டில் மரை கத்தி போலக் கூர்ந்துவிட்டது. அந்த ஸ்க்ரூ இடது மரை. கைப்பிடியை வலப்பக்கம் சுற்றினால் டூல் உள்ளே போவது அதனால்தான். சொந்தமாக நட் செய்வதாக வீம்பாக ஆரம்பித்து, இரண்டு கன்மெட்டல் துண்டுகளை வீணாக்கிவிட்டு, அண்ணனின் சிநேகிதர் பட்டறையில் கொடுத்து வாங்கினேன். இப்போது 0.15 மி.மீ.

கைப்பிடியின் டயல் தவுக் கணக்கில் இருக்கிறது. ஒரு தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. பத்து தவு உள்ளே கொடுத்தால் விட்டத்தில் இருபது தவு குறையும். முதல் மாதம் இதை மறந்து எத்தனை புஷ்ஷைக் கெடுத்தேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். இன்னொன்றைச் சொல்லியே ஆகவேண்டும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஒருமுறை சுவிட்ச் போட்டேன். அது பறந்து போய் ஷெட்டின் தகரத்தில் விழுந்தது. குழிந்த தகரத்தை நான் தட்டி நேராக்கவில்லை. சாவிக்கு ஒரு ஸ்பிரிங் மாட்டினேன், கையை எடுத்தால் தானாகவே சக்கிலிருந்து வெளியே தள்ளிவிடும்.

இதுவரை இதில் செய்தவை: வெட் கிரைண்டர் ரோலருக்குப் புஷ், பழைய டிவிஎஸ் 50-க்கு வீல் ஸ்பேசர், வீட்டுக் கேட்டுக்குப் பின்கள், அம்மாவின் தையல் மெஷினுக்கு ஒரு சின்னப் புல்லி. வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஓடும். ஓட்டும் முன், சக்கைச் சுற்றும் ஸ்பிண்டிலின் புஷ்களுக்கு எண்ணெய் விடவேண்டும். தட்டை பெல்ட் மழைக்காலத்தில் தளர்ந்து வழுக்குகிறது. ஆழமாகக் கட் கொடுத்தால் டூல் உடைவதற்கு முன் பெல்ட் வழுக்கிவிடுகிறது, கற்றுக்குட்டிக்கு அது நல்லதுதான்.

மில்லிமீட்டர் அளவு மரை மட்டும் இன்னும் போடவில்லை. மரை போடும்போது கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை, அதாவது 6.35 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை தூரம்). அதில் 1.5 மி.மீ. மரை வேண்டுமென்றால் 30 பல் கியரும் 127 பல் கியரும் வேண்டும். 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால்தான் 127 என்ற முழு எண் வரும், அதனால் வேறு கியரில் கணக்கு சுத்தமாக வராது. கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் பாதி நட்டைத் திறக்காமல் மோட்டாரையே பின்பக்கம் ஓட்டி டூலைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். என் சக் மரையில் ஏறியிருப்பது, சட்டென்று பின்பக்கம் ஓட்டினால் கழன்று கையோடு வந்துவிடும். அங்கேதான் விஎஃப்டியின் மெதுவான கிளம்பல் கைகொடுக்கும் என்று நம்பியிருக்கிறேன்.

என் மெஷினோடு வந்த கியர்களில் 127 பல் கியர் இல்லை. இரண்டு வருடம் தேடி, போன மாதம் உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தது, பல்லும் பொருந்துகிறது. துளைதான் 3 மி.மீ. சிறியது. நாலு ஜா (பிடி) உள்ள சக்கில் ஜாவைத் திருப்பிப் போட்டு, டயல் கேஜ் வைத்துச் சென்டர் பிடித்து, இந்த லேத்திலேயே அந்தத் துளையைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.