பழைய தாஜ்மகால்: டேனியல் ஓவியமா, மர்ரே புகைப்படமா?

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1789-ல் ஆக்ராவில் வரைந்த தாஜ்மகால் காட்சிகள் 1801-ல் லண்டனில் அச்சாயின. நிறமும் மனித நடமாட்டமும் வேண்டுமென்றால் இவைதான். அழகுக்காக ஓவியர் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்ற சந்தேகம் மட்டும் விடாது.

கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜான் மர்ரே 1850-களில் எடுத்த படங்கள் வேறு ரகம். பெரிய காகித நெகட்டிவ். நீண்ட நேரம் ஒளி விழ வேண்டும் என்பதால் நடமாடியவர்கள் பதியவே இல்லை. வெறிச்சோடிய கல்லறையாகத் தெரிவது கேமராவின் வேலை! வானத்தையும் நம்பாதீர்கள்: நெகட்டிவில் அந்தப் பகுதிக்கு மை பூசிவிடுவார், அச்சில் வெளுத்து விழும். ஆனால் பளிங்கின் மூட்டு, சுவரின் கறை, வைஸ்ராய் கர்சன் காலத்துக்கு முந்தைய அடர்ந்த தோட்டம் இவற்றுக்கு மர்ரேயே என் தேர்வு. சுவரில் மாட்ட டேனியல்.