டர்பனில் உப்புத் தண்ணீர் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: லேபிள் இல்லாத பாசி மருந்தை ஊற்ற விடாதீர்கள்

டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம், வீட்டில் உப்புத் தண்ணீர் மீன்தொட்டி வைத்திருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வீட்டுக்கே வந்து தொட்டியைச் சுத்தம் செய்து, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, தண்ணீர் கேனும் மருந்தும் கையோடு கொண்டுவரும் ஒருவர் என் தொட்டியில் இருந்த பவளம், நத்தை, இறால் எல்லாவற்றையும் கொன்றுவிட்டார். பெயர் போடப் போவதில்லை. ஆனால் அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன், இதே மாதிரி இன்னும் சிலர் சுற்றுகிறார்கள்.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, நாலு கேன் மொண்டு வந்தால் போதாதா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களும் பம்ப் நிலையங்களும் உடைந்து, அப்புறம் கடற்கரைகளைத் திரும்பத் திரும்ப மூடியது இங்கே எல்லாருக்கும் தெரியும். கழிவு கலந்த நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைய இருக்கும், பாசிக்கு அதுதான் சோறு. அதனால்தான் ஆர்ஓ தண்ணீரில், அதாவது நுண்சவ்வு வழியாக வடிகட்டிய தண்ணீரில், உப்பு கலந்து ஊற்றுகிறோம். இந்த ஆளும் அதையே சொல்லித்தான் கேன் விற்றார். "நம்ம ஆளு, உனக்குக் குறைச்சுத் தரேன் தம்பி" என்பார். இந்த ஊரில் தமிழில் பேசும் ஒருவர் கிடைத்தால் மனசு இளகத்தானே செய்யும், நானும் அண்ணே அண்ணே என்றுதான் பேசினேன்.

முதலில் கண்ணாடியில் பழுப்புத் தூள் மாதிரி படிந்தது. அது டயாட்டம் என்ற நுண்பாசி, புதுத் தொட்டியில் எல்லாருக்கும் வரும், தானாகவே போகும். பிறகு கல்லில் பச்சை முடி மாதிரி பாசி, அதன் பின் மணல் மேல் சிவப்பாக வழவழவென்று ஒரு படலம். லைட் அதிகம் என்றார், ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். தீனி அதிகம் என்றார், அதையும் குறைத்தேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் பாஸ்பேட் இழுக்கும் பை ஒன்றைப் போட்டு அதற்குத் தனியாகப் பணம் வாங்கினார், பாசியோ வாரத்துக்கு வாரம் தடித்துக்கொண்டே போனது.

ஒரு நண்பர், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரோடு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆர்ஓவும் அதற்குப் பின்னால் மிச்ச உப்புகளையும் இழுக்கும் டிஐ வடிகட்டியும் தாண்டி வந்த தண்ணீரில் அந்த மீட்டர் 0 காட்ட வேண்டும், இல்லை அதை ஒட்டி நிற்க வேண்டும். கேன் தண்ணீரில் 140 காட்டியது. சமையலறைக் குழாயைத் திறந்து பிடித்தோம், அதுவும் கிட்டத்தட்ட அதே எண். டிடிஎஸ் மீட்டர் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாது, எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், அதனால் உப்புக் கலக்காத கேன் தண்ணீரையே பாஸ்பேட் கிட்டில் சோதித்தோம். பளிச்சென்று நீலமானது. அதாவது பாசி வளரக் காரணமான தண்ணீரையும் அவரே விற்றார், பாசியைக் குறைக்கும் பையையும் அவரே விற்றார்.

அவரிடம் கேட்டேன். மெஷின் ஃபில்டர் பழசாகியிருக்கும், அடுத்த தடவை சரியாகிவிடும் என்றார். அந்த அடுத்த தடவைதான், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், என் மனைவி மட்டும் வீட்டில் இருக்கும்போது, லேபிள் இல்லாத பாட்டிலில் இருந்த நீல மருந்தைக் கண்ணளவில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். "பவளத்துக்கு ஒண்ணும் ஆகாதும்மா, பாசி மட்டும்தான் சாகும்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் வந்து பார்த்தபோது டர்போ நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து கிடந்தன. கிளீனர் இறால் அசையவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பவளங்கள் சுருங்கி, சதை உரிந்து, வெள்ளை எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது. போன் செய்தால், "மீன் நல்லாத்தானே இருக்கு தம்பி, அப்ப மருந்துல என்ன தப்பு" என்கிறார். இந்தப் பேச்சை யாரும் நம்பாதீர்கள். செம்பு கலந்த மருந்தில் மீன் தாக்குப் பிடிக்கும், வெள்ளைப்புள்ளி நோய்க்கு மீனைத் தனித் தொட்டியில் வைத்து அளந்து கொடுப்பதே செம்புதான். ஆனால் அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே நத்தை, இறால், பவளம் எல்லாம் செத்துவிடும். காப்பர் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன், செம்பு இருந்தது. குளத்துப் பாசிக்குப் போடும் மயில்துத்தக் கரைசல் வகைதான் அது என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணலில் இருந்த அந்தச் சிவப்புப் படலம் பாசியே கிடையாது, சயனோபாக்டீரியா. பழுப்பு நிறத்தில் சளி மாதிரி இழை இழையாக, நுனியில் குமிழியோடு வருவது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்), அது பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போன தொட்டியில்தான் தலைகாட்டும், அங்கே பாஸ்பேட் பை போட்டால் இன்னும் மோசமாகும். மருந்தால் பாசி மொத்தமாகச் செத்தாலும் அது அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அது உறிஞ்சி வைத்திருந்த சத்து திரும்பத் தண்ணீருக்கே வரும். ஆகவே எது வளர்கிறது என்று பார்க்காமல், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அளக்காமல், ஒரே பாட்டிலை எல்லாவற்றுக்கும் நீட்டுகிற ஆளை வாசலிலேயே நிறுத்துங்கள். முடிப்பாசியை முடிந்தவரை கையால் பிடுங்குங்கள், அழுக்கை நுரையாக வெளியே எடுக்கும் ஸ்கிம்மரின் கப்பைக் கழுவி வையுங்கள், பாசி தின்னும் நத்தைகளைத் தொட்டிக்குள் விடுங்கள், தண்ணீரைச் சொந்த ஆர்ஓடிஐயில் எடுங்கள். மெதுவாகத்தான் குறையும், ஆனால் எதுவும் சாகாது.

பணத்தைப் பற்றி. தண்ணீரை ஊற்றியாகிவிட்டது, திருப்பித் தர முடியாது என்கிறார். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு விற்பனைக்கும் ரசீது தர வேண்டியது அவர் கடமை, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பது நம் உரிமை. நான் எழுத்தில் கேட்டுவிட்டேன், மீட்டர் படங்களையும் சேர்த்து அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை. அடுத்தது சிறு வழக்கு நீதிமன்றம். 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வாதாட அனுமதி இல்லை என்பதால் அந்தச் செலவும் கிடையாது. கேனையும் மிச்ச மருந்தையும் தயவுசெய்து தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

மீன்களைப் புதுத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். பழைய லைவ் ராக்கை, அதாவது நல்ல பாக்டீரியா குடியிருக்கும் தொட்டிக் கற்களை, சும்மாவே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அதே ஆள் வேறொருவர் மூலம் கேட்டு அனுப்பினார், கொடுக்கவில்லை. அந்தக் கற்கள் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல மெல்லத் தண்ணீரில் விடும். யாரிடமாவது பழைய கல் மலிவாக வாங்கப் போகிறீர்கள் என்றால், ஒரு வாளி உப்புத் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, காப்பர் கிட்டில் பார்த்துவிட்டு மட்டும் தொட்டியில் வையுங்கள்.