‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு மூன்றரை ஆண்டுகள்

போன வாரம் சித்தி மகன் தொலைபேசியில் கேட்டான்: “அண்ணா, ஓ.சி.டி.க்கு ஒரு சிகிச்சைக்குப் போனீர்களே, உண்மையிலேயே பயன் இருந்ததா? நானும் பணம் கட்டலாமா?” அவனுக்குக் கதவுப் பூட்டு. பதினோரு முறை இழுத்துப் பார்த்த பிறகுதான் தெருவில் இறங்குகிறானாம். அவனுக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். சொன்னதில் பாதி வசை என்று பிறகுதான் உறைத்தது. அதனால் நிதானமாக எழுதிவைக்கிறேன்.

ஓ.சி.டி. என்றால் வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்; அதற்கு மேல் விளக்கப் போவதில்லை. இதைத் தேடி வந்து படிப்பவருக்கு அது தெரியும். “எனக்கும் கொஞ்சம் ஓ.சி.டி. உண்டு, மேசை ஒழுங்காக இருந்தாக வேண்டும்” என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

என்னுடைய வியாதி ஸ்கூட்டரில் இருந்தது. தில்லை நகரில் அலுவலகம், ஸ்ரீரங்கத்தில் வீடு, நடுவில் திருச்சி காவிரிப் பாலம். பாலத்தின் இணைப்புகள் அப்போது பெயர்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் சக்கரம் ஏறும்போது ‘தடக்’ என்று ஒரு சத்தம். எல்லோருக்கும் அது பள்ளம்; எனக்கு மட்டும் மனிதர். யாரையோ இடித்துவிட்டேன், அவர் அங்கே கிடக்கிறார், நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். மாம்பழச் சாலையில் வண்டியைத் திருப்பி, பாலத்தை மறுபடி கடந்து பார்ப்பேன். யாரும் கிடக்க மாட்டார். நிம்மதியாகத் திரும்பும்போது மறுபடி ‘தடக்’. சில நாட்களில் வீடு சேர ஒன்பதரை ஆகிவிடும். மறுநாள் காலையில் டீக்கடையில் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தை விரித்து, விபத்துச் செய்திகளை ஒரு வரி விடாமல் படிப்பேன்.

முதலில் போன இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஓராண்டு போனேன். மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டு, எண்ணம் வரும்போதெல்லாம் சுண்டச் சொன்னார்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள், நல்லதையே நினைக்கச் சொன்னார்கள். மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம். அந்த ஓராண்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

2022 ஆகஸ்டில்தான் ஈ.ஆர்.பி. தெரிந்த ஒரு மருத்துவ உளவியலாளர் கிடைத்தார். பயப்படும் இடத்துக்கு வேண்டுமென்றே போக வேண்டும். போனபின் நிம்மதிக்காக வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்க வேண்டும். சிகிச்சை அவ்வளவுதான். லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-இல் இரண்டு நோயாளிகளிடம் செய்துபார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்த முறை. திரும்பிப் பார்ப்பதால் கிடைக்கும் அந்த இரண்டு நிமிட நிம்மதிதான் அடுத்த சந்தேகத்துக்குத் தீனி என்று முதல் நாளே ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. அதனால் ஒரு மாற்றமும் ஏற்படவில்லை என்பது வேறு விஷயம்.

ஓ.சி.டி. எவ்வளவு கடுமை என்று அளக்க யேல்-பிரவுன் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு; நாற்பதுக்கு மதிப்பெண். நான் 29 வாங்கினேன். 24-ஐத் தொட்டாலே கடுமை என்று கணக்கு. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில்கூட இப்படி எடுத்ததில்லை.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன்.

இந்த அம்மையாரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: “இருக்கலாம்.” “மேடம், நேற்று பாலத்தில் நான் யாரையும் இடித்திருக்க மாட்டேன், இல்லையா?” “இடித்திருக்கலாம். இடிக்காமலும் இருக்கலாம்.” அமர்வுக்கு 1,200 ரூபாய் கொடுத்துவிட்டு வாங்கிவரும் பதில் இது! ஒருமுறை அவரே சொன்னார்: ராக்மன் என்பவரும், இலங்கைக்காரரான பத்மல் டி சில்வாவும் 1978-இல் ஆராய்ந்து பார்த்தார்களாம், எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களில் பெரும்பாலோருக்கும் இதே போன்ற விபரீத எண்ணங்கள் வந்து போகின்றனவாம். எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி. “அப்படியென்றால் என் எண்ணம் வெறும் எண்ணம்தான், நான் இடிக்கவில்லை” என்று பாய்ந்தேன். பேனாவை மூடியபடியே சொன்னார்: “இருக்கலாம்.”

மூன்றாவது அமர்வுக்கு என் மனைவியையும் வரச் சொன்னார். ஆறு ஆண்டுகளாக இரவு தோறும் “இல்லைங்க, நீங்கள் யாரையும் இடிக்கவில்லை” என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தவள் அவள். இனி அந்த வாக்கியம் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. அன்றிரவே அடுப்படி வாசலில் நின்று கேட்டேன். ரசத்தில் நுரை கட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே, திரும்பாமல், “இடித்திருக்கலாம்” என்றாள். கல்யாணமாகி அத்தனை ஆண்டுகளில் அவள் மீது எனக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை. அவள் குரலில் கொஞ்சம் சந்தோஷம் தெரிந்ததாக இப்போதும் சந்தேகிக்கிறேன்.

வீட்டுப்பாடங்கள் படிப்படியாக ஏறும். பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் பாலத்தைக் கடப்பது நூற்றுக்கு இருபது மதிப்பெண் பதற்றம். திரும்பிப் போகாமல் வீடு சேர்வது ஐம்பது. மறுநாள் நாளிதழைத் தொடாமல் இருப்பது எழுபது. உச்சியில் இருந்தது ஒலிப்பதிவு. “நேற்று நான் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டேன். அவர் இறந்துவிட்டார். போலீஸ் வீட்டுக்கு வருகிறது” என்று நானே எழுதி, என் குரலிலேயே பதிவு செய்து, தினமும் அரை மணி நேரம் கேட்க வேண்டும். ஒரு நாள் காதில் மாட்டும் கருவி வேலை செய்யவில்லை. மாடி அறையில் சத்தமாகவே போட்டுவிட்டேன். துணி எடுக்க வந்த அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “எப்போடா நடந்தது? வக்கீலிடம் பேசினாயா?” என்று நடுங்கிக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவும் “நான் அப்படிச் செய்யவே இல்லை அம்மா” என்று உறுதி சொல்ல எனக்கு அனுமதி இல்லாத காலத்தில்!

ஆனால் அந்தப் பதிவை ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ கேட்டபோது எனக்குக் கொட்டாவி வந்தது. இதை யாரும் எனக்கு முன்னால் சொல்லியிருக்கவில்லை. என்னை அத்தனை ஆண்டுகள் தின்ற பயம், பழைய வானொலி விளம்பரம் போல அலுத்துப்போய்விட்டது. இந்தச் சிகிச்சையில் எனக்குக் கிடைத்த ஒரே இன்ப அதிர்ச்சி அந்தக் கொட்டாவிதான்.

பாதிப் படிதான் ஏறியிருந்தேன்; 2022 கடைசியில் பழுதுபார்ப்பதற்காகப் பாலத்தையே மூடிவிட்டார்கள். ஊரே சுற்றுவழியைச் சபித்தது. நான் ஒருவன்தான் மகிழ்ந்தேன். 2023-இல் திறந்தபோது இணைப்புகள் புதிது, ‘தடக்’ பெரும்பாலும் இல்லை. நோய் தீர்ந்தது என்றே நினைத்தேன். முதல் நாள் பாலத்தின் நடுவில் மனம் கேட்டது: சத்தமே வராமல் இடித்திருந்தால்? அன்றைக்குத்தான் விளங்கியது, பாலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று. இறங்காமல், திரும்பாமல் வீட்டுக்குப் போனேன். வழி நெடுக வயிறு கலங்கியது, ஆனால் போனேன்.

மொத்தம் பதினெட்டு சிட்டிங். மாத்திரையும் கூடவே இருந்தது, ஓ.சி.டி.க்கு அதைச் சற்று அதிக அளவில் கொடுப்பார்கள், வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். முடிவில் மதிப்பெண் 12. ஆறரைக்கு வீட்டில் இருந்தேன். மகளின் வீட்டுப்பாடத்தை நான் பார்த்துக்கொடுக்கத் தொடங்கியது அந்த மாதம்தான்.

செலவு முழுக்கக் கைக்காசு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. என் பாலிசியிலோ மருத்துவமனையில் படுத்தால்தான் பணம். உட்கார்ந்து பேசினால் கிடையாது.

இப்போது, போன மாதம் மறுபடி தலைதூக்கிவிட்டது. இந்த முறை மகளின் பள்ளி வாசலில் இருக்கும் வேகத்தடை. மதிப்பெண் 17. இரண்டு அமர்வு போய்வந்தேன். அதே அறை, அதே நாற்காலி. “இந்தத் தடவை முழுசாகப் போய்விடுமா மேடம்?” என்றேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. மூன்றரை ஆண்டுப் பழக்கத்துக்காகவாவது ஒருமுறை “போய்விடும்” என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தம்பிக்குச் சொன்னது இதுதான். பணம் கட்டுவதற்கு முன் “ஈ.ஆர்.பி. செய்வீர்களா, வீட்டுப்பாடம் உண்டா?” என்று கேள். ரப்பர் பேண்ட், மூச்சுப் பயிற்சி என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடு. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழை. இலவசம், தமிழில் பேசுவார்கள். “சரிதான் அண்ணா, எனக்குக் குணமாகிவிடும் இல்லையா?” என்றான். “நிச்சயம் ஆகிவிடும், கவலைப்படாதே” என்று சொல்லித் தொலைத்தேன். சொல்லக் கூடாத வாக்கியம். எனக்குக் கேட்க ஆசையாக இருந்த வாக்கியம்.

நான் பரிந்துரைக்கிறேனா என்றால், இந்த வாரம் இல்லை. மாத்திரையோடு நின்றிருக்கலாம் என்றுதான் இன்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு, பள்ளி விடும் நேரத்தில், அந்த வேகத்தடை மேல் ஆறு முறை போய்வர வேண்டும். கண்ணாடியைப் பார்க்கக் கூடாது. அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.