துகள் வடிகட்டியா, வினையூக்கி மாற்றியா: வண்டியின் ஓட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பெட்ரோல் வண்டியா டீசல் வண்டியா என்று யோசிப்பவர்கள் மைலேஜையும் இழுவையையும் அலசி ஆராய்கிறார்கள்; புகைக்குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் சுத்திகரிப்புக் கருவியைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. வண்டி வயதான பிறகு பெருஞ்செலவு வைக்கும் பாகங்களில் அதுவும் ஒன்று என்பதால் வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்பதுதான் நல்லது. இன்றைய பெட்ரோல் வண்டியில் இருப்பது மூவழி வினையூக்கி மாற்றி, அதாவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். டீசல் வண்டியில் ஆக்சிஜனேற்ற வினையூக்கி ஒன்றும் அதை அடுத்து டி.பி.எஃப். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் துகள் வடிகட்டியும் இருக்கின்றன. வெளியே துருப்பிடிக்காத எஃகு உறை, உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி என இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், ஒன்றின் வேலையை மற்றது செய்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல.

இரண்டின் முகப்பையும் உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். வினையூக்கி மாற்றியின் கட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாத் துளைகளின் வழியாகவும் ஒளி ஊடுருவும். சதுர அங்குலத்துக்கு 400 அல்லது 600 என்ற கணக்கில் அமைந்த அந்தத் துளைகளின் சுவர்களில் அலுமினாப் பூச்சும், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களும் மிக நுண்ணிய அளவில் படிந்திருக்கும். புகை சுவரை உரசியபடி கடந்து செல்லும்போதே வேதிவினை முடிந்துவிடுகிறது. துகள் வடிகட்டியின் முகப்பிலோ சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல ஒன்றுவிட்டு ஒரு துளை அடைக்கப்பட்டிருக்கும். முன்பக்கம் திறந்திருக்கும் துளை பின்பக்கம் மூடியிருக்கும். எனவே உள்ளே நுழைந்த புகைக்கு, நுண்துளைகள் கொண்ட பீங்கான் சுவரையே ஊடுருவி அடுத்த துளைக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லை. வாயு ஊடுருவிவிடும்; கரித்துகள் சுவரில் தங்கிவிடும். சிதையாத வடிகட்டி ஒன்று துகள்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் பிடித்துவிடுகிறது.

மூவழி மாற்றி கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று நச்சுகளையும் ஒரே பெட்டிக்குள் முடித்துவிடுகிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எஞ்சினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அந்த விகிதத்தைக் காப்பதற்காகவே புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் வைக்கப்படுகிறது. பாஷ் நிறுவனத்தின் அத்தகைய சென்சார் 1976-இல் வோல்வோ கார்களில் வந்த பிறகுதான் மூவழி மாற்றி நடைமுறைக்கு வந்தது. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றோடு எரிவதால் அதன் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது. அந்த நிலையில் மூவழி மாற்றியால் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரிக்க முடியாது. ஆகவே டீசல் வண்டியில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் ஆகிய வாயுக்களுக்கு ஆக்சிஜனேற்ற வினையூக்கி, கரித்துகளுக்கு வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு 32.5 விழுக்காடு யூரியாக் கரைசலைத் தெளிக்கும் தனி அமைப்பு என்று வேலை பங்கிடப்படுகிறது. சிறிய டீசல் கார்கள் சிலவற்றில் யூரியாவுக்குப் பதிலாக நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சேமித்து வைக்கும் வினையூக்கி இருக்கும். எப்படிப் பார்த்தாலும் ஒரு பெட்டிக்கு எதிரே இரண்டு மூன்று பெட்டிகளும் அவற்றுக்கான சென்சார்களும் நிற்கின்றன. பராமரிப்பு ஒப்பீட்டில் டீசலின் முதல் பின்னடைவு இது.

இரண்டாவது பின்னடைவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாற்றியில் கரி சேர்வதில்லை. வடிகட்டியிலோ பிடிபட்ட கரி அங்கேயே கிடக்கிறது, அதை எரித்தால்தான் வழி திறக்கும். கரி தானாக எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சாதாரண ஓட்டத்தில் டீசல் புகை அந்த அளவுக்குச் சூடாவதில்லை. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது, முன்னால் இருக்கும் வினையூக்கி உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு 250 முதல் 400 டிகிரி வரையிலான வெப்பத்திலேயே கரியை மெல்ல மெல்லத் தின்றுவிடுகிறது. அந்த வாய்ப்புக் கிடைக்காத வண்டியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி தலையிட்டுக் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்து, அதை வினையூக்கியில் எரியவிட்டு வெப்பத்தை உயர்த்துகிறது. பொதுவாகப் பத்து, இருபது நிமிடங்கள் நீடிக்கும் இந்த எரிப்பின்போது ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகம், சற்றே உயரும், விசிறி ஓயாமல் சுற்றும், சூடான உலோக வாடை வரும். இடையில் எஞ்சினை நிறுத்திவிட்டால் எரிப்பு பாதியில் நின்றுவிடும். நாள்தோறும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இது திரும்பத் திரும்ப நிகழும். கரி ஏறிக்கொண்டே போகும். தாமதமாகத் தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால், எரிப்பு முறையாக முடியவில்லை என்று ஐயப்பட அதுவே போதுமான காரணம்.

குறுகிய ஓட்டம் மாற்றிக்கும் உகந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 250 முதல் 300 டிகிரி வரை சூடேறும் வரை அது பெரிதாக எதையும் செய்வதில்லை. ஒரு பயணத்தின் நச்சுப் புகையில் பெரும்பங்கு அந்தத் தொடக்க நேரத்திலேயே வெளியேறுகிறது. எனினும் எஞ்சினை ஒட்டிப் பொருத்தப்பட்ட மாற்றி விரைவிலேயே சூடாகிவிடும். குறுகிய ஓட்டத்தால் அது அடைபடுவதும் இல்லை. தினமும் பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் குடும்பத்துக்குத் துகள் வடிகட்டி உள்ள டீசல் வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மைலேஜில் மிச்சமாகும் பணத்தை வடிகட்டி விழுங்கிவிடும். நாள் முழுவதும் நெடுந்தூரம் ஓடும் வண்டியில் நிலைமை தலைகீழ். அங்கே வடிகட்டி இருப்பதையே ஓட்டுநர் உணர மாட்டார்.

பழுதாகும் விதத்திலும் இரண்டும் வேறுபடுகின்றன. மாற்றியைக் கெடுப்பது பெரும்பாலும் எஞ்சினின் கோளாறுதான். ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ கெட்டு ஒரு சிலிண்டர் எரியாமல் போனால், எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் போய் எரிந்து பீங்கானை உருக்கிவிடும். ஆயில் எரியும் எஞ்சினிலிருந்து வரும் பாஸ்பரஸ் உலோகப் பூச்சை மூடிச் செயலிழக்கச் செய்யும். உருகிய மாற்றியை மீட்க வழியில்லை. துகள் வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொண்டாலும் பெரும்பாலும் மீட்கக்கூடியது. கரியை எரித்துவிடலாம், ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரிந்து மிஞ்சும் சாம்பல்தான் எந்த வெப்பத்துக்கும் எரியாமல் தங்கும். அதையும் வடிகட்டியைக் கழற்றி, காற்றழுத்தத்தாலோ தண்ணீராலோ எதிர்த்திசையில் தள்ளிச் சுத்தம் செய்யும் பட்டறைகள் உள்ளன. சாம்பல் குறைவாக உண்டாகும் ஆயிலை ஊற்றுவது இந்தச் செலவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடும். வடிகட்டி திரும்பத் திரும்ப அடைத்தால், புதியது வாங்குவதற்கு முன் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறிய கரியை அனுப்பும் எஞ்சினைச் சரிசெய்யாமல் வடிகட்டியை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும்.

இந்தத் தொல்லைகளுக்குத் தீர்வு என்று, வடிகட்டியின் உட்பகுதியை உடைத்தெடுத்துவிட்டுக் கணினியில் மென்பொருளை மாற்றித் தருவோரும் இருக்கிறார்கள். இதை நான் ஒப்பீட்டில் ஒரு வழியாகக்கூடச் சேர்க்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2012-இல் வகைப்படுத்தியது. வடிகட்டி பிடித்து வைத்திருந்த நுண்கரி, உடைத்த அன்றிலிருந்து பின்னால் நடந்து போகும் குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போய்ச் சேரும். வண்டிக்காரருக்கு மிச்சமாகும் தொகை எதுவாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

பெட்ரோல் பக்கம் துகளே இல்லை என்றும் எண்ண வேண்டாம். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்களில் நுண்துகள் உண்டாவதால், புதிய வண்டிகள் பலவற்றில் மூவழி மாற்றிக்குப் பின்னால் பெட்ரோல் துகள் வடிகட்டியும் வருகிறது. பெட்ரோல் புகை டீசல் புகையைவிடச் சூடானது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது எரிபொருள் நின்று காற்று மட்டும் போவதால் கரி தானாகவே எரிந்துவிடுகிறது. டீசல் வடிகட்டி கேட்கும் கவனத்தை இது கேட்பதில்லை.

பயன்படுத்திய வண்டி வாங்கும்போது இவற்றையெல்லாம் ஓரளவு கையாலேயே சோதிக்கலாம். டீசல் வண்டி என்றால், எஞ்சின் ஆறிய பிறகு புகைக்குழாயின் முனைக்குள் விரலைத் தடவிப் பாருங்கள். வடிகட்டி முழுதாக இருந்தால் விரலில் கரி அப்பாது, கெட்டியாக அப்பினால் அது விரிசல் கண்டிருக்கும் அல்லது உள்ளே இல்லாமலே இருக்கும். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிக் கரியின் அளவையும், கடைசி எரிப்புக்குப் பின் ஓடிய தூரத்தையும் காட்டச் சொல்லலாம். பெட்ரோல் வண்டியில், ஆறியிருக்கும் மாற்றியின் உறையைக் கையால் மெல்லத் தட்டினால் கலகலவென்று ஓசை வரக்கூடாது. வந்தால் உள்ளிருக்கும் பீங்கான் உடைந்திருக்க வாய்ப்புண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.