பாஸ்கெட்பால் ஜி.எம்.: சேலத்துக்கு ஓர் அணியும் அதற்குத் தேவையான கெடுபிடியும்

ஏற்காடு ஏறும் வழியில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது சிக்னல் விட்டுப்போனாலும் நிற்காமல் ஓடும், பாஸ்கெட்பால் அணியின் மேலாளராக (ஜி.எம்.) நாம் ஆடும் விளையாட்டு பாஸ்கெட்பால் ஜி.எம். பிரவுசரில் ஒருமுறை திறந்துவிட்டால் போதும், அதன் பிறகு நெட் இல்லாமலே சீசன் சீசனாக ஆடலாம். ஜெரமி ஷெஃப் என்பவர் எழுதியது, இலவசம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ.வை வைத்து வரும் என்.பி.ஏ. 2கே மாதிரியானவற்றை கம்ப்யூட்டரில் போட நூறு ஜி.பி.க்கு மேல் இடமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். இதற்கு நடுத்தர செல்போனே தாராளம். ஆனால் கண்ணுக்கு விருந்து எதுவும் இல்லை. அட்டவணைகளும், ஆட்டம் வரிவரியாக எழுத்தில் ஓடுவதும்தான் திரையில் தெரியும். அணியைக் கட்டுவதில் ஆசை உள்ளவருக்கு மட்டுமே இது.

இதன் பெரிய குறை, கையில் கிடைத்தபடியே ஆடினால் சீக்கிரம் சலித்துப்போவது. விவரம் தெரிந்தவர் நாலைந்து சீசனில் கோப்பையைத் தூக்கிவிடுவார், அதற்குப் பிறகு இறங்கவே மாட்டார். கோளாறு ஆட்டத்தைக் கணக்கிடும் இயந்திரத்தில் இல்லை. அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடிலும், வீரரைத் தக்கவைக்கும் நேரத்திலும், நமக்குத் தெரியக் கூடாதது தெரிந்துவிடுவதில்தான் அது இருக்கிறது. அந்த ஓட்டைகளை அடைத்தால் இதைவிட நல்ல நிர்வாக விளையாட்டு இந்த விலையில், அதாவது சும்மா, கிடைக்காது.

முதலில் லீக்கை அமைப்பது. நிஜ வீரர்களோடு 1947 முதல் இன்றுவரை எந்த ஆண்டிலிருந்தும் தொடங்கலாம், கற்பனை வீரர்களோடும் தொடங்கலாம். சேலத்தை ஓர் அணியாக வைக்க விரும்பினால் கற்பனை வீரர்கள்தான் சரி. அணிகளைத் திருத்தும் பக்கத்தில் ஊர், பெயர், நிறம், மக்கள்தொகை எல்லாவற்றையும் மாற்றலாம். தமிழ்நாட்டுப் பத்து அணி லீக் என்றால், 2011 கணக்கெடுப்பின் நகர்ப்புறத் தொகுதி எண்களை மில்லியனில் போடுங்கள்: சென்னை 8.6, கோவை 2.1, மதுரை 1.5, திருச்சி 1.02, திருப்பூர் 0.96, சேலம் 0.92. அதற்குக் கீழே ஈரோடு, நெல்லை, வேலூர், தூத்துக்குடி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வருமானத்தையும் வீரரின் விருப்பத்தையும் தீர்மானிப்பது மக்கள்தொகை எண் இல்லை, அதன் வரிசை. சில பத்தாயிரம் பேர் உள்ள ஏற்காட்டைத் தூத்துக்குடிக்குப் பதிலாகக் கடைசி இடத்தில் வைத்தாலும் அதே பத்தாவது இடத்தின் கஷ்டம்தான், கூடுதலாக எதுவும் வராது. அதே போல சென்னைக்கு எவ்வளவு பெரிய எண் போட்டாலும் அது முதலிடம்தான். சேலம் ஆறாவது. மேலும் இல்லை, அடியிலும் இல்லை. சவாலுக்கு அருமையான இடம்.

பத்து அணிக்கு என்.பி.ஏ. போல 82 ஆட்டம் அதிகம். ஒவ்வோர் அணியோடும் நான்கு முறை, மொத்தம் 36 ஆட்டம் என்று வையுங்கள். நான்கு அணி பிளே ஆஃப், இரண்டு சுற்று. இப்போது டிராஃப்ட் லாட்டரி, அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் தோற்ற அணிகளில் யாருக்கு முதல் தேர்வு என்று குலுக்குவது. என்.பி.ஏ.வில் 2019இல் வந்த முறையில் முதல் தேர்வுக்கான வாய்ப்பு கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம், அடுத்தவற்றுக்கு 12.5, 10.5, 9 என்று இறங்கிக்கொண்டே போகும். பதினாலு அணி லாட்டரிக்கு அது நியாயம். நம் லீக்கில் லாட்டரிக்கு வருவது ஆறே அணி. அந்த ஆறு பங்குக்குள் கணக்குப் போட்டால் அடிமட்ட அணிக்கு ஏறத்தாழ 19 சதவீதம், ஆறாவதற்கு 12. வித்தியாசமே இல்லாமல் தட்டையாகிவிடும், தோற்ற அணி எழுந்திருக்கவே முடியாது. ஆகவே பழைய 1994 முறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் முதல் பங்கு 25, அடுத்தது 19.9, அப்புறம் 15.6 என்று சரிவு செங்குத்தாக இருக்கும். முப்பது அணி லீக் ஆடுபவர்கள் 2019 முறையிலேயே இருக்கலாம்.

இந்த அமைப்புகளை எல்லாம் லீக் தொடங்கும் திரையிலேயே முடித்துவிடுங்கள். பாதியில் மாற்ற வேண்டுமென்றால், எதையும் திருத்த விடும் காட் மோடை இயக்க வேண்டி வரும். ஒருமுறை அதை இயக்கிய லீக்கில் சாதனைப் பட்டங்கள் கிடைக்காது.

பண விவகாரத்தில் எண்களை விட விகிதம் முக்கியம். என்.பி.ஏ.வின் 2025-26 சீசனில் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு (கேப்) 154.647 மில்லியன் டாலர், தாண்டினால் கூடுதல் வரி கட்ட வேண்டிய லக்சுரி டாக்ஸ் கோடு 187.895, அதற்கும் மேலே கட்டுப்பாடுகள் இறுகும் கோடுகளான முதல் ஏப்ரன் 195.945, இரண்டாம் ஏப்ரன் 207.824. உச்சவரம்பை 1 என்று வைத்தால் டாக்ஸ் கோடு 1.215, இரண்டாம் ஏப்ரன் 1.344, குறைந்தபட்ச மொத்தச் சம்பளம் 0.9. விளையாட்டில் எந்தத் தொகையில் தொடங்கினாலும் இந்த விகிதத்தைக் காப்பாற்றுங்கள். கேப்பை மட்டும் உயர்த்திவிட்டு மற்றதை மறந்தால் எல்லா அணியும் டாக்ஸில் மாட்டும், ஒப்பந்தம் இல்லாத வீரர்களின் ஃப்ரீ ஏஜென்ட் சந்தை செத்துவிடும். அதிகபட்ச ஒப்பந்தத்துக்கு விளையாட்டில் ஒரே எண்தான் உண்டு. நிஜத்தில் ஆறு ஆண்டு வரை அனுபவம் உள்ளவருக்குக் கேப்பில் 25 சதவீதம், ஏழு முதல் ஒன்பது வரை 30, பத்தும் அதற்கு மேலும் 35. நடுவில் உள்ள 30ஐ வைப்பதே நல்லது. 35 வைத்தால் இருபத்திரண்டு வயதுப் பையனும் பத்தாண்டு அனுபவசாலியின் சம்பளத்தைக் கேட்பான்.

டாக்ஸ் விகிதம் இதில் ஒரே அளவு, கோட்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றரை டாலர். நிஜத்தில் அது படிப்படியாக ஏறும், திரும்பத் திரும்பக் கட்டும் அணிக்கு இன்னும் கூடும். அதனால் 2 அல்லது 2.5 என்று ஏற்றிவிடுங்கள். முதல்சுற்று டிராஃப்ட் ஒப்பந்தம் இயல்பாக மூன்று ஆண்டு. என்.பி.ஏ.வில் கடைசி இரண்டு ஆண்டு அணியின் விருப்பத்தில் இருக்கும் நான்கு ஆண்டு. இதையும் நான்காக மாற்றலாம். சின்ன ஊர் அணிக்கு அந்த ஒரு மலிவான ஆண்டு பெரிய உதவி.

உச்சவரம்பைத் தாண்டிய அணி டிரேடில் கொடுத்த சம்பளத்தை விடக் குறைவாகவே வாங்க முடியும் என்பது சாஃப்ட் கேப் விதி. இந்த இடத்தில் மட்டும் விளையாட்டு நிஜத்தை விடக் கறார், ஏனென்றால் ஏப்ரனுக்குக் கீழே உள்ள நிஜ அணிகள் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஏப்ரன் விதிகள் இதில் இல்லை. உங்கள் மொத்தச் சம்பளம் கேப்பின் 1.344 மடங்கைத் தாண்டிவிட்டால், இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை வாங்குவதில்லை என்று நீங்களே கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். என்.பி.ஏ.வில் இரண்டாம் ஏப்ரன் அணிகளைக் கட்டிப்போடுவது அந்த விதிதான்.

இனி டிரேடு. இங்கேதான் அதிக வேலை.

ஒரு பாராட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று சுமாரான வீரர்களைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கும் பழைய தந்திரம் இங்கே எடுபடாது. வீரரின் மதிப்பு மேலே போகப் போகப் பல மடங்காக உயரும்படி கணக்கு எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே சில்லறையைக் குவித்து நோட்டு வாங்க முடியாது. எடுபடுவது வேறொன்று. மறுகட்டமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டர் அணிகள் முப்பது வயது தாண்டியவரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். 31, 32 வயதில் இன்னும் நன்றாக ஆடுகிறவரை டிராஃப்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்றைக் கொடுத்து ஒவ்வோர் ஆண்டும் எடுக்கலாம். ஓர் ஆண்டு ஆடவைத்து ஒப்பந்தம் முடிந்ததும் விட்டுவிடலாம். இதையே தொடர்ந்து செய்தால் தோற்கவே முடியாது. சிரமத்தை ஹார்ட் அல்லது இன்சேன் என்று ஏற்றினால் பேரம் கடினமாகும், ஆனால் இந்த ஓட்டை முழுசாக அடைபடாது. ஒரு சீசனுக்கு முப்பது வயது தாண்டிய ஒருவரை மட்டும் டிரேடில் வாங்குவது என்று வரம்பு வையுங்கள்.

அடுத்தது, இந்த டிரேடு நடக்க இன்னும் என்ன வேண்டும் என்று எதிரணியைக் கேட்கும் பொத்தான். அதை அழுத்தினால் எதிரணி தன் கடைசி விலையை அப்படியே சொல்லிவிடும். வியாபாரத்தில் எந்தக் கடைக்காரர் அடக்க விலையை முதலிலேயே சொல்வார்? அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். நீங்களே ஒரு பேரத்தைக் கட்டுங்கள், மூன்று முறை மறுத்தால் அந்த அணியோடு அந்த மாதம் பேச்சில்லை. நம் வீரரை மற்ற அணிகளிடம் காட்டி விலை கேட்கும் டிரேடிங் பிளாக்கும் இப்படித்தான். ஒரே வீரரை மற்ற ஒன்பது அணிக்கும் காட்டி ஏலம் விடலாம், வேண்டிய மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கலாம். சீசனுக்கு ஒரு முறை போதும்.

முதல்சுற்றுத் தேர்வுகளை வரிசையாக விற்றுத் தீர்ப்பதைத் தடுக்கும் ஸ்டெபியன் விதியும் இதில் இல்லை. என்.பி.ஏ.வில் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் அணி முதல்சுற்றுத் தேர்வே இல்லாமல் நிற்கும்படி டிரேடு செய்ய முடியாது. அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக் கடைப்பிடிப்பது சுலபம்.

டிரேடை விடவும் ஆழமான கோளாறு ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. வீரர்களின் திறன் மாற்றம் ஆண்டுக்கு ஒரே முறை, பிளே ஆஃப் முடிந்த கையோடு நடக்கிறது. ஒப்பந்தம் முடிகிறவர்களைத் தக்கவைக்கும் கட்டம் டிராஃப்டுக்குப் பின்னால் வருகிறது. அதாவது அடுத்த சீசனில் ஒருவர் ஏறுவாரா சறுக்குவாரா என்பது தெரிந்த பிறகுதான் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். 29 வயதுக்காரருக்கு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு மறு ஆண்டே கால் போய்விட்டது என்று தவிக்கிற நிஜ மேலாளரின் பயம் இங்கே பாதியாகிவிடுகிறது. வழி இதுதான்: பிளே ஆஃப் தொடங்கும் நாளில் யார் யாரைத் தக்கவைப்பது, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு மாற்றாதீர்கள். இந்த ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்தாலே லீக்கின் முகம் மாறிவிடும். தப்பான ஒப்பந்தம் என்ற ஒன்று உங்கள் அணியிலும் உட்காரும்.

இன்னும் துணிவிருந்தால் சேலஞ்ச் மோடுகளில் ரேட்டிங்கை மறைப்பதை இயக்குங்கள். பதினைந்து திறன்களுக்கான எண்களும் காணாமல் போகும், புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு வீரர் 20 நிமிடத்தில் எடுத்த 12 புள்ளி பெரிதா, மோசமான அணியில் 36 நிமிடம் ஆடி எடுத்த 22 பெரிதா என்று யோசிக்கத் தொடங்குவீர்கள். தொடக்கக்காரர்கள் முதல் லீக்கிலேயே இதைச் செய்ய வேண்டாம், எது எதைப் பாதிக்கிறது என்பதே பிடிபடாது.

சேலம் அணிக்கு வீரர் வருவாரா என்பது மூட் கணக்கு. ஒவ்வொருவருக்கும் புகழ், விசுவாசம், பணம், வெற்றி என்ற குணங்களில் ஒன்றோ இரண்டோ இருக்கும். புகழ் தேடுகிறவர் சென்னைக்குத்தான் போவார், ஊர் அளவு அவருக்கு முக்கியம். பணக் குணம் உள்ளவரைக் கூடுதல் சம்பளத்தால் பிடிக்கலாம். சின்ன ஊருக்குப் பொன்னானவர் விசுவாசக் குணம் உள்ளவர். டிராஃப்டில் இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் விசுவாசக்காரரை எடுங்கள், நான்கு ஆண்டு கழித்து அது கைகொடுக்கும். பட்ஜெட்டில் ஃபெசிலிட்டிஸ் (அணியின் வசதிகள்) செலவு மெதுவாகத்தான் பலன் தரும், நிறுத்தினாலும் மெதுவாகத்தான் குறையும். முதல் மூன்று சீசன் தோற்கும்போதே அதில் பணத்தைப் போடுங்கள். கோச்சிங் செலவு வீரர் வளர்ச்சியைக் கொஞ்சம் கூட்டும், அதையும் சராசரிக்கு மேல் வையுங்கள். டிராஃப்டுக்கு வரும் வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டிங்கை அடிமட்டத்தில் விட்டாலும் பெரிய மோசமில்லை.

அணி பலத்தின் கணக்கு தெரிந்தால் பணத்தை எங்கே போடுவது என்று விளங்கும். முதல் பத்து வீரர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள், ஒவ்வோர் இடம் இறங்கும்போதும் எடை ஏறத்தாழ 17 சதவீதம் குறையும். பதினோராவது ஆளுக்கு நல்ல சம்பளம் கொடுப்பது வீண். பொசிஷன் என்பது வெறும் பெயர்ச்சீட்டு, வளையத்தருகே ஆடும் உயரமான சென்டர்களையே ஐந்து பேராக இறக்கினாலும் விளையாட்டு தடுக்காது. பந்தைக் கையாள்பவர், மூன்று புள்ளி எறிபவர், உள்ளே காப்பவர் ஆகிய திறன் குறியீடுகள் சேரும்போது கிடைக்கும் கூட்டுப் பலன் மட்டுமே அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. பயிற்சியாளரை நியமிக்க வழியில்லை, ஆட்ட உத்தி இல்லை. இவை எந்த அமைப்பாலும் தீராத குறைகள்.

எல்லாம் வைத்த பிறகு சோதித்துப் பார்க்காமல் ஆடத் தொடங்காதீர்கள். முப்பது அணி லீக் என்றால் பத்து சீசனைத் தானாக ஓடவிட்டுப் பாருங்கள். என்.பி.ஏ.வில் 2024-25இல் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 113.8 புள்ளி எடுத்தது, 37.6 மூன்று புள்ளி எறிந்தது, அதில் 36 சதவீதம் விழுந்தது. 2002-03இல் அதே கணக்கு 95.1 புள்ளி, 14.7 எறிதல். உங்கள் லீக் எந்தக் காலத்தை ஒத்திருக்க வேண்டுமோ அதற்கேற்ப மூன்று புள்ளி எறியும் விகிதத்தையும் வேகத்தையும் மாற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள், இரண்டை ஒன்றாகத் தொட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. வெற்றிக் கணக்கையும் பாருங்கள். 82 ஆட்டத்தில் நிஜச் சாதனை 73 வெற்றி, 2015-16இல் கோல்டன் ஸ்டேட் எடுத்தது. பத்து சீசனில் இரண்டு முறை அதைத் தாண்டினால் பலம் ஒரே இடத்தில் குவிகிறது என்று பொருள், கம்ப்யூட்டர் அணிகள் தமக்குள் செய்யும் டிரேடின் அளவைக் குறையுங்கள். 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டில் ஏழு வெவ்வேறு அணிகள் கோப்பை வென்றன என்பதும் நல்ல அளவுகோல்.

கடைசியாகச் சேமிப்பு. லீக் முழுவதும் பிரவுசரின் உள்ளேதான் இருக்கிறது. செல்போனில் இடம் போதவில்லை என்று பிரவுசர் தரவைத் துடைத்தால் முப்பது சீசனும் ஒரே தட்டில் போய்விடும். அணைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலும் அதே கதிதான். ஒவ்வொரு சீசன் முடிவிலும் எக்ஸ்போர்ட் லீக் பக்கத்தில் போய் லீக்கை ஒரு கோப்பாக இறக்கி, டிரைவிலோ உங்களுக்கே வாட்ஸ்அப்பிலோ அனுப்பி வையுங்கள். கோப்பு பெருத்து செல்போன் திணறினால், பழைய தரவை நீக்கும் பக்கத்தில் பழைய ஆட்டங்களின் விவரத்தை மட்டும் நீக்குங்கள். வீரர்களின் வாழ்நாள் கணக்கில் கை வைக்காதீர்கள்.