குரண்டிக்கு அயினியா, ரப்பரா, பலாவா?

சமையலறையில் உட்கார ஒரு குரண்டி, சுவரில் ஒரு இரண்டடித் தட்டு. வீட்டுப் பட்டறையில் கை பழகுபவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் தொடங்குவார்கள். குமரி மாவட்டத்தில் இந்த வேலைகளுக்கு மூன்று மரங்கள் எளிதில் கிடைக்கும். குலசேகரம், அருமனைப் பக்கத்துத் தோட்டங்களில் பால் குறைந்ததும் வெட்டும் ரப்பர் ஒன்று. விளைகளில், அதாவது வீட்டுத் தோப்புகளில், நிற்கும் அயினியும் (ஆஞ்சிலி) பலாவும் மற்ற இரண்டு. கன அடி விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். செய்யும் பொருளில் தண்ணீர் படுமா என்பதுதான் முதல் கேள்வி.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுதி. அறுத்த பலகையைச் சும்மா போட்டால் சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை பிடிக்கும், பிறகு வண்டு துளைக்கும். இதைத் தடுக்கத்தான் மில்களில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். அப்படிப் பக்குவப்படுத்திய பலகை உலர்ந்த அறையில் நன்றாக உழைக்கும். ஆனால் போரான் உப்பு தண்ணீரில் கரையும். தரையை அடிக்கடி கழுவும் சமையலறையில் குரண்டியின் கால்கள் ஊற ஊற, உள்ளே ஏற்றிய மருந்து வெளியேறிவிடும். வண்டும் பூஞ்சையும் மறுபடி வரும். வார்னிஷ் இதைத் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. பக்குவப்படுத்தாத ரப்பர் பலகையை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பலகையில் ஊசித்துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

சுவர்த் தட்டுக்கோ ரப்பர்தான் சரி. துண்டுகளின் முனைகளை விரல் கோத்ததுபோல் வெட்டி ஒட்டிய 18 மி.மீ. பலகை வளையாமல் சமமாகக் கிடைக்கும், இழைக்கும் வேலை குறைவு, பசையும் சாயமும் நன்றாகப் பிடிக்கும். ஆணியை நேராக அடித்தால் ஓரம் பிளக்கும். துளையிட்டுத் திருகு போடவும். தாங்கிகளுக்கு நடுவே இரண்டடிக்கு மேல் விட்டால் புத்தகச் சுமையில் நடுப்பகுதி தொய்யும்.

குரண்டிக்கு அயினி. கடலோரப் படகுக்கும் வீட்டு உத்திரத்துக்கும் பழங்காலம் முதல் பயன்பட்ட மரம் இது. மரத்தின் நடுவில் உள்ள வைரப்பகுதி ஈரத்தையும் கரையானையும் தாங்கும். அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிக்கு அந்தத் தாங்கும் திறன் கிடையாது; பலகையின் ஓரத்தில் வெளிறிய கீற்று இருந்தால் அறுத்துத் தள்ளிவிடுங்கள். மேல்பலகை 14×9 அங்குலம், கால்கள் இரண்டு 8 அங்குல அகலம், 7 அங்குல உயரம், கால்களை இணைக்கும் நடுச்சட்டம் 11×2½ அங்குலம், எல்லாம் ஓரங்குலக் கனம். கணக்குப்படி 0.15 கன அடிதான் வரும். வெடிப்பும் முடிச்சும் கழியும் என்பதால் கால் கன அடி வாங்கவும். மேல்பலகையின் அடியில் கால் அங்குல ஆழப் பள்ளம் வெட்டிக் கால்களை இறக்கினால் ஆட்டம் வராது. காலின் நார் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்போதுதான் காலும் மேல்பலகையும் அகலவாக்கில் சேர்ந்தே விரிந்து சுருங்கும். மாறாக, மேல்பலகையின் அடியில் குறுக்குச் சட்டம் ஒன்றை வைத்து இறுக்கித் திருகினால், தென்மேற்குப் பருவமழையில் ஊதிய பலகை கோடையில் சுருங்கும்போது நடுவில் பிளக்கும்.

பச்சை அயினி வாங்கினால், வெட்டுமுனைகளில் பெயின்ட் பூசி, அரை அங்குலக் கனக் குச்சிகளை இடையில் வைத்து நிழலில் அடுக்கவும். வாரம் ஒருமுறை ஒரே பலகையை எடை போட்டு, எடை குறையாமல் நின்ற பிறகே வேலையைத் தொடங்கலாம். அவசரம் என்றால் பழைய ஓட்டு வீட்டை இடித்து எடுத்த அயினிக் கழுக்கோல் (கூரைச் சட்டம்) சிறந்தது. ஏற்கெனவே முழுக்க உலர்ந்தது. அறுக்குமுன் காந்தம் ஓட்டிப் பார்க்கவும், புதைந்த ஆணி வாளின் பல்லை உடைக்கும்.

பலாவின் அழகு வேறு ரகம். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரம் என்ற பகுதியில் பூவேலை செய்த பலாத்தூண் நிற்கிறது. அதைப் பார்த்தவர்கள் இந்த மரத்தை விடமாட்டார்கள். ஆனால் நார் பின்னிப் பின்னி ஓடுவதால் இழைப்புளி ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் பிய்க்கும். அலகைக் கூர்தீட்டி, மிகக் குறைவாக வெளியே விட்டு, சாய்த்துப் பிடித்து இழைக்க வேண்டும். மிச்சத்தை ஸ்கிரேப்பர் என்ற எஃகுத் தகட்டால் சுரண்டி எடுக்கலாம். புதிதாக இழைத்த மஞ்சள் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகும்; பொருள் வைத்து மூடிய இடம் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். எனவே எண்ணெய் பூசுமுன் எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும்படி சில வாரம் வைத்திருங்கள். பூஜைத் தட்டு, நகைப்பெட்டி போன்றவற்றுக்குப் பலா போல் வராது. முதல் வேலையாக எடுத்தால் மனம் சோர்ந்துவிடும்.

எந்த மரமானாலும், குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் சாதாரண இரும்புத் திருகு துருவேறிக் கறை விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவும். பித்தளைத் திருகென்றால் அதே அளவு ஸ்டீல் திருகை முதலில் ஏற்றி இறக்கித் தடம் போட்டபின் பித்தளையை இறக்கவும், இல்லையேல் தலை முறியும். பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, அது காயாமல் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை தேய்க்கவும். குரண்டிக் காலின் அடிமுனைக்கு இரண்டு முறை கூடுதலாக. துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றலாம், வெளியே விரித்து உலர்த்துங்கள்.