வெள்ளவத்தை மாடியா, கல்லடி வளவா?

வேலை கொழும்பில், மனம் மட்டக்களப்பில். முதல் வீட்டுக்குக் காசு சேர்த்த எங்கள் ஆட்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு என்றால் காலி வீதி பஸ், ரயில், கோயில், தமிழ்க் கடை எல்லாம் காலடியில். வாடகைக்கு விடுவதும் சுலபம். ஆனால் மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்ட வேண்டும். வாகனம் நிறுத்தும் இடம் உறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள், வாய்ச்சொல் போதாது.

மட்டக்களப்புக் கல்லடியில் பத்துப் பேர்ச் வளவு என்றால் ஏறத்தாழ 2,722 சதுர அடி. கிணறு, முருங்கை, பின்னால் கோழிக்கூடு. மகளுக்கு வீடு கொடுப்பது நம்மூர் வழக்கம் என்பதால் அம்மாவுக்கும் இதுதான் விருப்பம். (கேட்காமலே சொல்வார்!) ஆனால் முதலில் கேட்க வேண்டியது, உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியா என்பது. பேர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. விலை மலிவாகச் சொன்னால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். 2004 சுனாமி கல்லடி, நாவலடிக் கரையை அடித்துப் போனதும் நினைவில் இருக்கட்டும்.

உறுதி எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வை இரண்டுக்கும் ஒன்றுதான்: பெறுமதியில் முதல் ஒரு லட்சம் ரூபாய்க்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கொழும்பில் என்றால் மாடி. இல்லையென்றால் நான் வளவைத்தான் சொல்வேன். ஆனால் சித்திரை வெயிலில் பார்த்து முற்பணம் கொடுக்காதீர்கள். மார்கழி மழையில் ஒருமுறை போய், தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்று பாருங்கள், அப்புறம் கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உப்புக் கரிக்கிறதா என்று.